குமிழ் அடங்கும் வரை

ஒரு பொருளைச் சோதித்துச் சொல்லும்படி யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குஷி கிளம்பிவிடும். முப்பத்தொன்பது வருஷம் கொதிகலன்களையும் கேஸ் சிலிண்டர்களையும் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, 'பழுதில்லை' என்றோ 'நிராகரிப்பு' என்றோ முத்திரை குத்தியவன் நான். ஓய்வு பெற்றும் அந்தக் கை அரிப்பு போகவில்லை. ஆனால் அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை மேல்மாடி ஃப்ராவ் லோமன், அதாவது லோமன் அம்மாள், கேட்டபோது குஷி வரவில்லை. வாயில் போட்ட பிளம் கேக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஹெர் ட்ரேசன், ஒரு சோடா மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். வீட்டுக் குழாய்த் தண்ணியிலயே கேஸ் ஏத்துமாமே, அது. ஆனா பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கண்ணாடி பாட்டில் வச்சதா இருக்கணும். எது உருப்படியானதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"எதுக்கு இப்ப மெஷின்? கடையில சோடா வரலையா என்ன?"

"வருது. நீங்கதான கொண்டு வர்றீங்க. அதுக்குத்தான் சொல்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு நீங்களே சுமப்பீங்க?"

எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் சுமப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு விதவையின் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது. "பார்க்கிறேன்" என்றேன். கேக்கை ஒருவழியாக விழுங்கினேன்.

இர்மேலா லோமன் நாலாம் மாடி. நான் இரண்டாம் மாடி. ஹாகன் நகரில் எங்கள் கட்டடம் கட்டிய காலத்தில் லிஃப்ட் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாசலிலிருந்து அவர் கதவு வரை எழுபத்திரண்டு படி. சோடாப் பெட்டி ஒன்றில் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில், பதினேழு கிலோ. பதினொரு வருஷமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும், நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, மூன்றரை மணிக்கு மணி அடித்து, சமையலறை வாசலில் பெட்டியை வைப்பேன். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. முன்னறையில் ஒரு காப்பி, பருவத்துக்கு ஏற்ற கேக் ஒரு துண்டு. இருபத்தைந்து நிமிஷம். பிறகு காலி பெட்டியோடு இறங்கிவிடுவேன். என் வாரத்தில் இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து பேசுகிற நேரம் அந்த இருபத்தைந்து நிமிஷம்தான். மீதி நாட்களில் வானொலியைத் திட்டுவேன்.

இது ஆரம்பித்தது அவர் கணவர் கெரோல்ட் இறந்த வாரம். அந்த அம்மாள் கறுப்புக் கோட்டோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் தடுமாறி இறங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்தவை காலி பாட்டில்கள், எல்லாம் சிவப்பு மூடி. சிவப்பு என்றால் கேஸ் அதிகம், நாக்கைக் கடிக்கும். பச்சை என்றால் பாதி கேஸ். நீலம் என்றால் கேஸே கிடையாது. அவற்றைக் கடையில் கொடுத்துவிட்டு, அதே போல் சிவப்பு மூடிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய் மணி அடித்தேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அழுதார். பிறகு காப்பி போட்டார்.

இப்போது அதற்குப் பதிலாக ஒரு மெஷினாம். அதையும் நானே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என் சீட்டை என் கையாலேயே கிழிக்கச் சொன்னது போல இருந்தது.

செய்ய மாட்டேன் என்று சொல்ல என் தொழில் விடவில்லை. செய்து முடிக்க என் மனசு விடவில்லை. ஆகவே நான் மிகவும் நிதானமாகச் செய்தேன்.

முதல் மெஷின் அக்டோபரில் வந்தது. கண்ணாடி பாட்டிலை ஒரு எஃகு உறைக்குள் இறக்கி, மேல்மூடியைத் திருகிப் பூட்டி, பொத்தானை அழுத்தினால் கேஸ் இறங்கும். தவறிப்போய்ப் பாட்டில் வெடித்தாலும் சில் வெளியே வராது. நல்ல யோசனைதான். ஆனால் பூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. நாற்பது தடவை பூட்டித் திறந்தேன், ஆட்டம் முக்கால் மில்லிமீட்டர் ஆனது. படிவம் எழுதினேன்: நிராகரிப்பு. பதினாலு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. பதிமூன்றாம் நாள் அனுப்பினேன்.

"பூட்டு ஆடுதா?" என்றார் ஃப்ராவ் லோமன், அந்தச் சனிக்கிழமை.

"ஆடுது. இன்னைக்கு அரை, நாளைக்கு ஒண்ணு. அழுத்தத்தோட விளையாட முடியாது."

"நீங்க சொன்னா சரி." ஆப்பிள் கேக்கில் இன்னொரு கரண்டி கிரீம் வைத்தார்.

இரண்டாவது மெஷினில் பாட்டில்களுக்கு வாய் சின்னது. உள்ளே பிரஷ் நுழையாது. கரண்டியால் தட்டிக் கேட்டேன். ஒன்று கணீரென்றது, மற்றொன்று சொத்தையாகப் பேசியது. கண்ணாடியில் எங்கோ மயிரிழை. நிராகரிப்பு. அதுவரை நான் யோக்கியன்தான், என் படிவங்களைக் கோயில் வாசலில்கூட நீட்டுவேன்.

பானக் கடை ஜெலாலுக்கு என் தேடல் பெரிய வேடிக்கை. அவன் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டே கத்துவான்.

"என்ன பாஸ், மெஷின் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"எங்கப்பா எங்கம்மாவைப் பொண்ணு பார்த்ததே ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. நீங்க ஒரு சோடா மெஷினுக்கு மாசக் கணக்குல பார்க்கிறீங்க."

"உங்கப்பா பார்த்த பொண்ணுல ஆறு பார் அழுத்தம் கிடையாது."

"எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது பாஸ்." சிரித்தான். பிறகு பெட்டியை என் கையில் வைத்தவன் அதை உடனே விடவில்லை. "போன வருஷம் இதை ஒரு கையில வாங்குவீங்க. நான் கொண்டுவந்து தரட்டுமா? மெஷின் கிடைக்கிற வரைக்கும்."

"உன் வேலையைப் பாரு" என்றேன். அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. இரண்டு வாரம் என்னை பாஸ் என்று கூப்பிடவில்லை.

அவன் பார்த்தது சரிதான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு சன்னல் உண்டு. பின்முற்றம் தெரியும். குப்பைத் தொட்டிகளும், எப்போதும் நனைந்தே கிடக்கும் ஒரு சைக்கிளும். கோடையிலிருந்து நான் அங்கே பெட்டியை இறக்கி வைத்துச் சைக்கிளைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். யாராவது வந்தால் அதன் சொந்தக்காரரைத் திட்டுவதாகப் பாவனை செய்வேன். மூச்சு திரும்பியதும் மறுபடி தூக்குவேன். பாட்டில்கள் கிணுகிணுக்கும். பதினெட்டு படி.

மூன்றாவது மெஷின் நவம்பரில் வந்தது.

அதை நான் ஐந்து நாள் வதைத்தேன். நூறு தடவை பூட்டினேன். ஆட்டம் இல்லை. பாட்டில்களை வெந்நீரில் போட்டேன், குளிர்நீரில் போட்டேன், ஒவ்வொன்றாகத் தட்டினேன். நான்கும் ஒரே சுரத்தில் பேசின. மூடியின் ரப்பர் வளையம் கச்சிதம். சோப்பு நீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழ்கூடக் கசியவில்லை. ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். சிவப்பு மூடியை விட நன்றாகக் கடித்தது. நவம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. சனிக்கிழமைகள் இல்லாத ஒரு வருஷத்தை யோசித்தேன். 'வால்வு நம்பகமில்லை. நிராகரிப்பு' என்று எழுதினேன்.

என் வாழ்க்கையில் பழுதுள்ளதைப் பழுதில்லை என்று எழுதச் சொல்லி என்னை மிரட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஒருவர் பன்றித்தொடை ஒன்றையே வீட்டுக்கு அனுப்பினார். ஒருவருக்கும் மசிந்ததில்லை. நல்லதைக் கெட்டது என்று எழுதச் சொல்ல யாருமே வரவில்லை. அதை நானாகவே செய்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த மெஷினைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. என் சமையலறையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு மெஷின் தண்ணீர், அவருக்கு என் முதுகில் ஏறிய தண்ணீர்.

"மூணாவதும் சரியில்லையா?" என்று கேட்டபோது ஃப்ராவ் லோமனின் குரலில் ஏதோ இருந்தது. சலிப்பு என்று நினைத்தேன்.

"வால்வு. நம்ப முடியாது."

"ரொம்பக் கறாரா பார்க்காதீங்க ஹெர் ட்ரேசன். சுமாரா இருந்தாக்கூடப் போதும் எனக்கு. அப்பப்போ ரிப்பேர் ஆனாலும் பரவாயில்ல."

"சுமாரான அழுத்தக்கலன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது" என்றேன், மேடையில் பேசுகிறவன் மாதிரி. "ஜனவரியில புது மாடல்கள் வருதாம். பொறுங்க."

அவர் தன் காப்பிக் கோப்பையைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தார். "ஜனவரி வரைக்குமா" என்றார்.

புது வருஷத்தில் அவர் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் காலி பெட்டி என் கதவுக்கு வெளியே இருக்கும். பன்னிரண்டு பாட்டிலும் மூடி போட்டு, கழுவித் துடைத்து. அவரே இறக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இனி இறங்கும்போது கைவீசிக்கொண்டு இறங்க வேண்டுமா? நான் என்ன விருந்தாளியா?

"இதெல்லாம் நீங்க செய்யக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "படி வழுக்கும்."

"காலி பாட்டில்தான. எட்டு கிலோகூட இருக்காது. நீங்க ஏத்துறீங்க, நான் இறக்குறேன். பாதி பாதி."

"உங்களுக்கு எழுபத்தஞ்சு வயசு."

"உங்களுக்கு மட்டும் இருபத்தஞ்சா? மூணு வருஷம் எனக்குத் தம்பி, அவ்வளவுதான். கேக்கைச் சாப்பிடுங்க."

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் என் சமையலறையில் அந்த மூன்றாவது மெஷினின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். கேஸ் வெளியேறும்போது அது சீட்டி அடிக்கும். சீட்டி நின்றதும் மாடிப்படியில் கண்ணாடி உடைகிற சத்தம். ஒன்றல்ல, பல. ஒவ்வொரு படியாக உடைந்துகொண்டே இறங்கியது. பிறகு ஒன்றுமில்லை. மனிதக் குரலே வரவில்லை, அதுதான் பயங்கரம்.

மூன்றாம் மாடிக்குக் கீழே, சன்னல் திருப்பத்துக்கு நாலு படி தள்ளிக் கிடந்தார். ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. கால் பார்க்கச் சகிக்காத ஒரு கோணத்தில் மடங்கியிருந்தது. சில்லுகளை என் கையால் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாட்டிலெல்லாம் போச்சு" என்றார்.

"போகட்டும். பேசாதீங்க. ஆம்புலன்ஸ் வருது."

"சிவப்பு மூடி பன்னிரண்டும்." சிரிக்கப் பார்த்தார் போல. உதடு வெளுத்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என்னை நகரச் சொல்லும்வரை விடவில்லை.

இடுப்பு எலும்பு. அறுவை சிகிச்சை, அதன் பின் தேறுவதற்காக ஐந்து வாரம் வேறோர் இடம். நாலாம் மாடி இனி ஆகாது என்றார்கள். அவர் மகள் அன்கே சோஸ்ட் நகரில் இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தாள். மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வந்தாள். நான் பெட்டிகள் இறக்க உதவினேன். முதல் தடவையாக அந்தச் சமையலறைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். சன்னல் மேடையில், பால்கனிக் கதவோரம், அடுப்புக்குப் பக்கத்தில் என்று, நான் கடைசியாக ஏற்றிய பன்னிரண்டு பாட்டில் நின்றன. கழுத்து வரை தண்ணீர். ஒன்றுக்கும் மூடி இல்லை. பன்னிரண்டு சிவப்பு மூடியும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

"இதை ஏன் அம்மா இப்படித் திறந்து வச்சிருக்காங்க?" என்றாள் அன்கே.

"தெரியலையே" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. செடிக்கு ஊற்றுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அவளும் அப்படியே நினைத்துச் செடித் தொட்டிகளில் கொட்டினாள்.

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை சோஸ்டுக்கு ரயில் ஏறினேன். மடியில் மெஷின், பைக்குள் நாலு கண்ணாடி பாட்டிலில் இரண்டு, கூடவே என் கோப்பு. அதில் புதிதாக எழுதிய படிவம் ஒன்று: மூன்றாவது மெஷின், மறு சோதனை, பழுதில்லை, தேதி ஏப்ரல் ஒன்பது. இதை அவர் அறையில் வைத்துவிட்டால் மாதம் ஒரு தடவை அதன் கேஸ் சிலிண்டர் மாற்றப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அதுவும் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இல்லத்தில், தன் அறைச் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் சிறுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஹெர் ட்ரேசன்! இன்னைக்குச் சனிக்கிழமைதான? மூணரைகூட ஆகலையே."

"ரயில் சீக்கிரம் வந்துடுச்சு." மெஷினை மேசையில் வைத்தேன். குழாயில் பாட்டிலை நிரப்பி, உறைக்குள் இறக்கி, பூட்டி, அழுத்தினேன். சீட்டி அடித்தது. ஒரு கிளாஸ் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். குமிழ்கள் பொங்கி ஏறின. பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கிளாஸைக் கையில் எடுத்தார், பார்த்தார், மேசையில் வைத்தார்.

"குடிங்க."

"குடிக்கிறேன். கொஞ்சம் அடங்கட்டும்."

"அடங்கினா என்ன இருக்கு அதுல? சூடா இருக்கும்போதே குடின்னு சொல்ற மாதிரி, இதைக் கடிக்கும்போதே குடிக்கணும்."

"இனிமே சொன்னா என்ன" என்றார். "எனக்குக் கேஸ் தண்ணி ஒத்துக்காது. சின்ன வயசுலயிருந்தே. சிவப்பு மூடி கெரோல்ட்டோடது. அன்னைக்கு நான் இறக்கிக்கிட்டு வந்தது அவர் குடிச்சு வச்ச பாட்டில்."

"பதினொரு வருஷமா?"

"நீங்க கீழ போனதும் பன்னிரண்டையும் திறந்து வச்சிடுவேன். புதன்கிழமைக்கு அடங்கிடும். அப்புறம் நல்லாத்தான் இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீல மூடி கொண்டு வந்திருப்பேனே!"

"முதல் நாள் எப்படிச் சொல்றது? அழுதுகிட்டு நின்னேன். ரெண்டாம் வாரம் சொல்லியிருக்கலாம். சொன்னா, குழாய்த் தண்ணியே போதுமே உங்களுக்குன்னு நீங்க வராம இருந்துட்டா?"

"அப்போ இந்த மெஷின் எதுக்குக் கேட்டீங்க?"

"சனிக்கிழமை கதவுக்குப் பின்னாலதான் நிப்பேன். பாட்டில் சத்தம் ஏறி வரும். மூணாம் மாடியில நின்னுடும். நான் எண்ணுவேன். முதல்ல இருபது வரைக்கும். கோடையில நாப்பது. செப்டம்பர்ல ஒருநாள் தொண்ணூறு எண்ணியும் சத்தம் வரல. கதவைத் திறந்துட்டேன். அப்புறம்தான் கிணுகிணுன்னு கேட்டுச்சு, உடனே மூடிட்டேன்." தன் முழங்கால் மேலிருந்த போர்வையை இழுத்துவிட்டார். "மெஷின் வாங்கிட்டா நீங்க சுமக்க வேண்டாம். ஆனா அது மெஷினு. ஏதாவது ஒண்ணு ஆயிட்டே இருக்கும். நீங்க வந்து பார்க்காம இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நடைவழியில் யாரோ தட்டுவண்டி தள்ளிப் போனார்கள். அவரே மறுபடி பேசினார், கொஞ்சம் உற்சாகமாக, என் கோப்பைக் காட்டி.

"பரவாயில்ல, கடைசியில நல்லதா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டீங்க. இது எப்ப வந்த மாடல்?"

அந்தப் புதுப் படிவம் கோப்பில் மேலாகவே இருந்தது. ஏப்ரல் ஒன்பது என்று என் கையெழுத்தில். அதை அவரிடம் நீட்டினால் முடிந்தது. என்னால் நீட்ட முடியவில்லை.

"இது அந்த மூணாவது மெஷின்தான்."

"வால்வு சரியில்லாததா? சரி பண்ணிட்டீங்களா?"

"வால்வு நல்லாதான் இருந்துச்சு. எல்லாமே நல்லாதான் இருந்துச்சு. சனிக்கிழமை போயிடுமேன்னு பொய் சொன்னேன்."

"எப்போ?"

"நவம்பர்ல."

அவர் உதடு அசைந்தது. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று எண்ணுவது தெரிந்தது. பிப்ரவரிக்கு வந்ததும் நின்றது. கை தானாகப் போய் இடுப்பின் மேல் உட்கார்ந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவர் சமாதானம் சொல்லியிருப்பார், ஏதோ ஒரு வழி பிறந்திருக்கும். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளாஸில் குமிழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மேலே போய் உடைந்தன. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அல்லது நான் மட்டும்.

"உங்க ரயிலுக்கு நேரமாச்சு, ஹெர் ட்ரேசன்" என்றார் கடைசியில். குரலில் கடுப்பு இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அடுத்த சனிக்கிழமை..."

"இதை எடுத்துட்டுப் போங்க. இங்க குழாய்த் தண்ணியே தர்றாங்க. எனக்கு அதுதான் பழக்கம்."

மெஷினைத் தூக்கிக்கொண்டேன். கிளாஸ் அங்கேயே இருந்தது, இன்னும் அடங்கவில்லை. இல்லத்தில் பெரிய லிஃப்ட் இருந்தது. பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லாமல் இறக்கிவிடுகிறது.

ரயிலில் கோப்பைத் திறந்து ஏப்ரல் படிவத்தைக் கிழித்தேன். நவம்பர் படிவத்தை எடுத்து 'நிராகரிப்பு' என்பதன் மேல் கோடு போட்டு, 'பழுதில்லை' என்று எழுதினேன். தேதியை மாற்றவில்லை. கீழே, சோதித்தவர் என்ற இடத்தில், என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.